கேட்டவர்தான் மூட வேண்டும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே நிற்கும். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ‘கைவேலை’ மன்றத்தில் எனக்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பெயர் வந்ததே அதனால்தான். யாராவது சண்டை போட்டாலோ, சம்பந்தமில்லாமல் வளவளவென்று எழுதினாலோ, கேட்காமல் கொள்ளாமல் வெட்டிவிடுவேன். பதினான்கு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

மன்றம் இணையத்தில் இருக்கிறது. வீட்டில் குழாய் ஒழுகுகிறது, கதவு இழுக்க வரவில்லை, மின்விசிறி கிரீச்சிடுகிறது என்று ஒருவர் கேட்பார். வேலை தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்தால் எங்கள் பாஷையில் அது ஒரு திரி. சொன்னபடி செய்து பார்த்து வேலை முடிந்தால், கேட்டவரே திரும்பி வந்து ‘சரியாகிவிட்டது. நன்றி’ என்று எழுதித் திரியை மூட வேண்டும். மூடியதும் அதன் தலையில் பச்சைக் குறி விழும். கடைசியாக வந்த யோசனை தானாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் அந்தத் திரியில் யாரும் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. மூடாத திரிக்கு மஞ்சள் குறி. பச்சை என்றால், ஒருவர் தன் வீட்டில் செய்து பார்த்துத் தேறிய வைத்தியம் என்று அர்த்தம். அதனால்தான் கேட்டவரைத் தவிர வேறு யாரும் மூடக்கூடாது. மன்றத்தை ஆரம்பித்த குழாய் அண்ணன் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்தை நான் மீறியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, நாற்பத்தொரு தடவை.

பதினோரு வருடத்துக்கு முந்தைய சங்கதி. மஞ்சளாகவே கிடந்த திரிகளைக் கேட்டவர்களுக்கு எழுதி, என்ன ஆச்சு என்று விசாரிக்கும் வேலையை அண்ணன் என் தலையில் கட்டினார். எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினேன். யாரும் மூச்சுவிடவில்லை. காரியம் ஆனதும் நன்றி சொல்லக்கூட வராத ஜன்மங்கள் என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எந்த உறுப்பினரின் கணக்கிலும் நுழைகிற வசதி உண்டு. நுழைந்தேன். அவரவர் பெயரிலேயே ‘சரியாகிவிட்டது. நன்றி’ என்று தட்டினேன். மூன்று மதியங்களில் நாற்பத்தொன்றும் பச்சையாயின. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. மூட மூட ஒரு நோட்டில் பெயரை எழுதி டிக் அடித்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான். “பரவாயில்லையே கத்தரி, ஒண்ணு விடாம எல்லாரையும் பிடிச்சுட்டியே!” என்று அண்ணன் போனில் மெச்சினார். வெட்கமில்லாமல் சிரித்து வைத்தேன்.

அந்த நோட்டு நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் மேசை இழுப்பறையில், பழைய ரசீதுகளுக்கு அடியில் இருக்கிறது. கடையில் மூன்று சுவரிலும் கண்ணாடி ஃபிரேம்கள். மதியம் மூன்றரைக்கு மேல் ஈ காக்கை வராது. முதலாளி மாடியில் தூங்கப் போய்விடுவார். முந்நூறு ஃபிரேம்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கம்ப்யூட்டரில் மன்ற வேலை பார்ப்பேன்.

இந்த வருடம் மன்றத்தின் பழைய மெஷினை, அதாவது திரிகள் எல்லாம் சேர்ந்து கிடக்கிற சர்வரை, மாற்ற வேண்டி வந்தது. புதிய இடத்தில் பாதிக்குத்தான் இடம். பழைய திரிகளை எத்தனை வருடம் வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ண வேண்டும். முடிவு பண்ணுகிறவர்கள் மூன்று பேர்: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குழாய் அண்ணன், நான், அப்புறம் மெஷினைப் பார்த்துக்கொள்கிற ‘ஃபியூஸ்’. ஃபியூஸ் எலெக்ட்ரீஷியன். இரண்டு பேர் சொன்னால் அது முடிவு. மூவரும் ஒரே போனில் பேசினோம்.

“எதையும் அழிக்கக் கூடாது. எப்படியாவது இடம் தேடுங்க,” என்றார் அண்ணன்.

“ஆகிற காரியமாப் பேசுங்கண்ணே,” என்றான் ஃபியூஸ். “பச்சையை வெச்சுக்கலாம், மஞ்சளைத் தூக்கிரலாம். பதில் தேறாததை வெச்சு என்ன பண்ண?”

பச்சையை வைத்துக்கொண்டால் என் நாற்பத்தொன்றும் நிலைத்து நிற்கும். மெஷின் மாற்றும்போது ஒவ்வொன்றையும் யார், எந்த இடத்திலிருந்து மூடினார்கள் என்று ஃபியூஸ் சரிபார்ப்பான். நாற்பத்தொன்றும் ஒரே கண்ணாடிக் கடையிலிருந்து மூடப்பட்டிருப்பது அவன் கண்ணில் படாமல் போகுமா? பதினான்கு வருட மானம் காற்றில் பறந்துவிடும்.

“பச்சையோ மஞ்சளோ, அஞ்சு வருஷத்துக்கு மேல போனா எல்லாம் குப்பைதான்,” என்றேன். “மாத்திரைக்குத் தேதி போடறதில்லையா? அது மாதிரி. மொத்தமாத் தூக்கு.”

“ஏம்மா இவ்வளவு வேகம்?” என்றார் அண்ணன்.

“உங்களுக்கென்ன, வீட்டுல உட்கார்ந்துட்டுப் பேசுவீங்க. வெட்டறவ நான்,” என்று பாய்ந்தேன். கோபம் வருகிறவளுக்கு இது ஒரு சௌகரியம். யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

போனை வைத்தபோது மணி நாலு. பத்து நிமிடம் கழித்து, நாலு பத்துக்கு, முதல் பதில் வந்தது.

‘நீலக்கதவு’ என்கிற உறுப்பினரின் திரி. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று பதினோரு வருடம் முன்பு கேட்டது. பச்சைக் குறி விழுந்த, யாரும் எழுத முடியாத திரி. அதன் அடியில் ஒரு வரி இருந்தது: ‘இன்னும் சரியாகலை. சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு.’

மெஷின் பழசாகிவிட்டது, பூட்டு கழன்றிருக்கும் என்று நினைத்து அந்த வரியை வெட்டினேன். மறுநாள் நாலு பத்துக்கு ‘பாட்டரி’ என்பவரின் திரி: ‘இன்னும் சரியாகலை. கதவு ராத்திரி தானாத் திறக்குது.’ அதையும் வெட்டினேன். மூன்றாம் நாள் ‘மாடிப்படி’ என்பவரின் திரியில் இன்னொன்று வந்தது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. இழுப்பறையைத் திறந்து ரசீதுகளுக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்தேன்.

ஒன்று, நீலக்கதவு. இரண்டு, பாட்டரி. மூன்று, மாடிப்படி.

அந்த வரிசை தேதி வரிசை இல்லை, அகர வரிசையும் இல்லை. அந்த மூன்று மதியங்களில் எது என் கண்ணில் முதலில் பட்டதோ அதுதான். அது என் நோட்டைத் தவிர எங்கேயும் கிடையாது. நோட்டை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

நான் சும்மா இருக்கிறவளா? நாலாவது கணக்கை அன்றே முடக்கினேன். மறுநாள் நாலு பத்துக்கு முடக்கிய கணக்கிலிருந்து பதில் வந்தது. ஐந்தாவதைப் பெயரோடு நீக்கினேன். இல்லாத பெயரிலிருந்தும் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்க, அடியில் ‘இன்னும் சரியாகலை’ மட்டும் நின்றது. ஃபியூஸுக்குப் போன் போட்டுப் பட்டும் படாமலும் கேட்டேன்.

“ஏன்டா தம்பி, உள்ள நுழையாமலே ஒருத்தர் எழுத முடியுமா?”

“முடியாதுக்கா. வீட்டுக்குள்ள வராம சோறு சாப்பிட முடியுமா?”

“பூட்டின திரியில?”

“உங்களாலயே முடியாது. என்னக்கா, யாராவது கலாட்டா பண்றாங்களா?”

“ஒண்ணுமில்ல. உன் மெஷினை ஒழுங்காப் பாரு,” என்று வைத்துவிட்டேன்.

அந்த வாரத்தில் எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. ஒருவருக்கு இடது கண் பவரை வலது பக்கம் எழுதிக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலு மணிக்குச் சுவரில் இருக்கிற முந்நூறு ஃபிரேம்களும் எனக்குப் பின்னால் இருப்பது முதுகுக்குத் தெரியும். நாலு பத்துக்கு ஒரு வரி வரும். அதை வெட்டிவிட்டு, நோட்டில் அடுத்த பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். இதற்கு ஒரே வழி சீக்கிரம் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் என்று எனக்குத் தோன்றியது. திரியே இல்லாவிட்டால் எங்கே வந்து எழுதுவார்கள்?

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, தங்கச்சி போன் பண்ணினாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. விடியற்காலையில் போனால் மூன்றரைக்குத்தான் வருவாள். வந்ததும் முதல் காரியம் வெந்நீரில் குளிப்பது. அந்தத் துணிகளைத் தொட்ட உடம்போடு அடுப்பைத் தொட மாட்டாள்.

“அக்கா, நாலு நாளா ஒரே தலைவலிக்கா. தூக்கம் தூக்கமா வருது.”

“உனக்கு எப்ப தூக்கம் வரலை? ஸ்கூல்லயே பெஞ்சுல தூங்கினவதானே.”

“போக்கா. அந்த ஹீட்டர் தீ மஞ்சளா ஆடுதுன்னு சொன்னேன்ல? அவர் எதையோ படிச்சுப் பார்த்து சரி பண்ணிட்டார். இப்ப ஆடவே மாட்டேங்குது.”

“மாப்பிள்ளைக்கு எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஒட்டத்தானே தெரியும், ரிப்பேரும் வந்துடுச்சா?” என்றேன். கடிகாரத்தில் மணி நாலு ஒன்பது. “சரி, வை. எனக்கு வேலை இருக்கு.”

வைத்துவிட்டேன். என் கூடப் பிறந்தவள் தலைவலி என்று சொல்கிறாள், எனக்கு அந்தப் பாழாய்ப்போன ஒரு வரிதான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பதினாறாம் நாள் ஃபியூஸை ஒரு வழியாகக் கரைத்தேன். “சரிக்கா, உங்க இஷ்டம். அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறது எல்லாம் நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தானாவே அழியற மாதிரி வெச்சுட்டேன். நிறுத்தணும்னா அதுக்கு முன்னாடி சொல்லுங்க. அப்புறம் கடவுளே வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.”

“நிறுத்தச் சொல்ல மாட்டேன்,” என்றேன். அண்ணனிடம் சொன்னபோது அவர் “உங்க ரெண்டு பேர் முடிவு” என்று மட்டும் சொன்னார். அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. இன்னும் ஒரே ஒரு நாலு பத்து. அப்புறம் எல்லாம் முடிந்தது.

பதினேழாம் நாள் மூன்றே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். நோட்டில் பதினேழாவது: ‘மூணாம்மாடி — ஹீட்டர்’. இதுவரை வரியை வெட்டினேனே தவிர எந்தத் திரியையும் நான் படித்ததில்லை. படித்தால் அது யாரோ ஒரு மனிதர் ஆகிவிடும் என்று பயம். இதுதான் கடைசி, இனி என்ன என்று அன்று திறந்து படித்தேன்.

மூணாம்மாடி கேட்டிருந்தார்: ‘குளியலறை கேஸ் ஹீட்டரில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது, ஆடுகிறது. குளித்துவிட்டு வந்தால் வீட்டுக்காரிக்குத் தலைவலி, தூக்கம். நேற்று உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்யலாம்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.’

‘பெரியகை’ என்று ஒரு ஆள். மன்றத்துக்கு அந்த ஒரு நாள் வந்து, அந்த ஒரு பதிலை எழுதிவிட்டுப் போனவர். ‘காற்று புகுந்தால் தீ அப்படித்தான் ஆடும். மேலே இருக்கிற காற்றுச் சன்னலைத் துணி வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள். தீ நிலையாக நிற்கும். தலைவலி ஈரத்தலையோடு காற்றில் நிற்பதால் வருவது.’

அடப்பாவி! கண்ணாடிக் கடைக்காரி எனக்கே தெரியும். மஞ்சள் தீ என்றால் கேஸ் சரியாக எரியவில்லை, விஷப்புகை கக்குகிறது என்று அர்த்தம். அந்தப் புகைக்கு நிறமில்லை, வாசனையில்லை. இருந்த ஒரு சன்னலையும் அடைக்கச் சொல்லியிருக்கிறான். அதன் மேலே பச்சைக் குறி. அடியில் மூணாம்மாடியின் பெயரில்: ‘சரியாகிவிட்டது. நன்றி.’ நான் எழுதியது. பச்சை விழுந்ததால் அந்த யோசனை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பூட்டு விழுந்ததால் ‘ஐயையோ, இது தப்பு’ என்று பதினோரு வருடமாக யாராலும் எழுத முடியவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

மூணாம்மாடியின் பக்கத்தைத் திறந்தேன். அவராகக் கடைசியாக மன்றத்துக்கு வந்த நாள் (நான் அவர் கணக்கில் நுழைந்தது அதில் பதியாது), பெரியகை பதில் எழுதிய அதே நாள். நேரம் மாலை 4.10. அந்த யோசனையைப் படித்திருக்கிறார். எழுந்து போயிருக்கிறார். அப்புறம் வரவேயில்லை.

நான் நினைத்தேனே, காரியம் ஆனதும் நன்றி சொல்ல வராத ஜன்மங்கள் என்று.

மஞ்சள் தீ, தலைவலி, தூக்கம். இதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. தங்கச்சி போனில் சொன்னது. ‘அவர் எதையோ படிச்சுப் பார்த்து சரி பண்ணிட்டார்.’ மாப்பிள்ளை வேறு எங்கே படிப்பார்? கல்யாணமான புதிதில் ‘எங்க அக்கா நடத்தறது’ என்று தங்கச்சி அவருக்குப் பெருமையாகக் காட்டியது இந்த மன்றத்தைத்தான்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மாப்பிள்ளைக்குப் போட்டேன், ஆபீசில் அணைத்து வைத்திருப்பார் போல. கம்ப்யூட்டர் மூலையில் 4.09 என்பது 4.10 ஆனது. திரியின் அடியில் ஒரு வரி வந்தது.

‘உங்க தங்கச்சி குளிக்கப் போயிட்டாங்க.’

அலறிக்கொண்டு எழுந்தேன். நாற்காலி பின்னால் போய் ஃபிரேம் சுவரில் இடித்தது. தங்கச்சி வீட்டு மாற்றுச் சாவி அதே இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு, கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். பட்டப்பகல். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, தையல்கடைக்காரர் வாசலில் நின்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரி செருப்பில்லாமல் ஓடுவதைப் பார்த்து அவர் “என்னாச்சும்மா?” என்று கத்தினார். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!” என்று கத்திவிட்டு ஓடினேன்.

பூட்டைத் திறக்க மூன்று தடவை சாவி நழுவியது. உள்ளே அமைதியாக இருந்தது. குளியலறைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும், ஒரே சீராக. ஒரு உடம்பு அதன் கீழே அசைந்தால் தண்ணீர் சத்தம் மாறும். மாறவில்லை.

“சின்னக்குட்டி! ஏய், கதவைத் திறடி!”

கதவில், என் கண்ணுக்கு நேரே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மன்றத்தின் பக்கம். மாப்பிள்ளை பிரிண்ட் எடுத்தது. ‘சரியாகிவிட்டது. நன்றி’ என்ற வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

தோளால் மோதினேன். மூன்றாவது மோதலில் உள்தாழ்ப்பாள் தெறித்தது. அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள், தலை மார்பில் கிடந்தது. மேலே காற்றுச் சன்னலில் பழைய போர்வையைத் திணித்து டேப் ஒட்டியிருந்தது. ஹீட்டரை அணைத்தேன். அவளைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து, கூடம் வழியாக வாசல் வரைக்கும் கொண்டுவந்து போட்டேன். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மேலே ஒரு சேலையைப் போர்த்திக் கன்னத்தில் அறை அறையென்று அறைந்தேன். தையல்கடைக்காரரும் பக்கத்து வீட்டம்மாவும் வந்துவிட்டார்கள்.

அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவள் வெளுத்த விரிப்பிலேயே அவளைப் படுக்கவைத்து மூக்கில் பிராணவாயு மாட்டினார்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா கஷ்டம்மா. சரியான நேரத்துல வந்தீங்க,” என்றார் டாக்டர். நான் நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ச் சுவரில் கடிகாரம். நாலு ஐம்பத்திரண்டு.

ஐந்து மணிக்கு அழிந்துவிடும்.

எட்டு நிமிடம் சும்மா நின்றால் போதும், என் நாற்பத்தொன்றும் போய்விடும், எனக்கு ஒரு பொல்லாப்பும் இல்லை. பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிடம் சும்மாதான் நின்றேன். அப்புறம் அந்தக் கதவில் ஒட்டியிருந்த காகிதம் கண்முன்னே வந்தது. மன்றத்தில் அழித்தால் அந்தக் காகிதம் அழியுமா? ஒன்பதாயிரம் பேர் படித்தார்களே, எத்தனை கதவில் ஒட்டியிருக்கிறதோ. யாராவது ஒருவர் மறுபடி வந்து பார்த்தால், தப்பு என்று சொல்ல அந்த இடமாவது இருக்க வேண்டாமா?

ஃபியூஸுக்குப் போன் போட்டேன்.

“நிறுத்துடா. அழிக்காதே.”

“என்னக்கா இது, ரெண்டு வாரமா என் உயிரை எடுத்துட்டு இப்ப போய்…”

“நிறுத்துன்னு சொல்றேன்ல! ஒண்ணுகூடப் போகக்கூடாது.”

“சரி சரி, கத்தாதீங்க. நிறுத்திட்டேன். ஏன்னு மட்டும் சொல்லுங்க.”

“நாற்பத்தொரு திரியை நான்தான் மூடினேன். அவங்க பேர்ல உள்ள போய். யாருக்கும் எதுவும் சரியாகலை. ஒருத்தரும் வந்து சொல்லலை. நானா எழுதினேன்.”

“அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா,” என்றான்.

சொன்னேன். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை வைத்தவர் மூன்று நாள் பேசவில்லை. அவர் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நாலாம் நாள் மன்றத்தில் முடிவை அவரே எழுதினார். கேட்டவர் உண்மையிலேயே மூடிய பச்சைத் திரிகள், மூடிய நாளிலிருந்து ஐந்து வருடம் இருக்கும், அப்புறம் அழிக்கப்படும். மஞ்சள் திரிகள், கேட்டவர் வந்து மூடுகிற வரைக்கும் இருக்கும், எத்தனை வருடமானாலும். இடம் போதவில்லை என்றால் அதை அவர் பார்த்துக்கொள்வார். அடியில் என் பெயரைப் போட்டு, வெட்டுகிற வேலை இன்னும் என்னுடையதுதான் என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நாற்பத்தொன்றையும் நானே திறந்தேன். ஒவ்வொன்றிலும் நான் செய்ததை எழுதினேன். மன்றத்தில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்கள், ஒன்றையும் வெட்டவில்லை. மூணாம்மாடியின் திரியில் முதலிலேயே, பெரிய எழுத்தில், தீ மஞ்சளாக எரிந்தால் ஹீட்டரை அணையுங்கள், சன்னலைத் திறந்துவிடுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள் என்று போட்டேன். இரண்டே நாளில் பதினொரு பேர் அதன் கீழே எழுதினார்கள். அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டோம் என்று. பதினொரு வீடு.

மூணாம்மாடிக்கும் எழுதினேன். முகவரியில் ஆளில்லை என்று கடிதம் திரும்பி வந்தது. பதினெட்டாவது பெயரிலிருந்து அதற்கப்புறம் எந்த நாலு பத்துக்கும் எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தங்கச்சி கடைக்கு வந்தாள். இன்னும் கொஞ்சம் சோர்வு, ஆனால் வாய் பழையபடி.

“அன்னைக்கு நான் குளிக்கப் போனது உனக்கு யார்க்கா சொன்னது?”

அந்த வரியைக் காட்டினேன். அதை மட்டும் நான் வெட்டவில்லை. அவள் படித்தாள், மேலே போய் மூணாம்மாடி கேட்ட கேள்வியையும் படித்தாள். ‘நேற்று உட்கார்ந்துவிட்டாள்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இவர் பொண்டாட்டி என்ன ஆனாங்க?”

“தெரியலைடி.”

“நகரு,” என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். எனக்கு எரிச்சல் வரவில்லை, பொறுமையாக நின்றேன். ‘அண்ணே, நான் கத்தரிக்கோலோட தங்கச்சி. நல்லா இருக்கேன். தலைவலி இல்லை. ஹீட்டரைக் கழட்டிப் போட்டாச்சு.’

அனுப்பிவிட்டு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அவள் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். 4.10.

மஞ்சள் குறி பச்சையானது. அடியில் மூணாம்மாடியின் பெயரில்: ‘சரியாகிவிட்டது. நன்றி.’

தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியாக வந்த நாள் மாறவில்லை, அதே பதினோரு வருடத்துக்கு முந்தைய நாள்தான்.

விதிப்படி அந்தத் திரி இனி ஐந்து வருடம் இருக்கும். அப்புறம் அதை வெட்ட வேண்டியவள் நான். இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, பதினேழாவது பெயருக்கு எதிரே இருந்த பழைய டிக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து வருகிற அந்தத் தேதியைக் குறித்தேன். தேதிக்குப் பக்கத்தில் ‘மாட்டேன்’ என்று எழுதினேன்.